சோலார் பேட்டரியோடு ஜெனரேட்டர்: மின்கம்பி எட்டாத இடத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில் படகுத்துறையை விட்டு உள்ளே தள்ளிப் போனாலும் சரி, ஜொகூர் நீரிணையில் மிதக்கும் மீன்பண்ணைக்குப் போனாலும் சரி, பெருநிலத்து மின்சாரம் கூட வராது. பேனலும் பேட்டரியும்தான் துணை. ஓரத்தில் ஒரு ஜெனரேட்டரும் நிற்கும். அது எப்போது ஓட வேண்டும், எதற்குப் பிறகு எதைப் போட வேண்டும் என்பதில்தான் புதிதாகப் பொறுப்பேற்பவர்கள் தடுமாறுகிறார்கள்.

முதலில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஏற்பாட்டில் ஜெனரேட்டர் இரவெல்லாம் விளக்கெரிக்க வந்ததல்ல. குறைந்த நேரத்தில் பேட்டரிக்குள் வேகமாகச் சார்ஜ் ஏற்றிவிட்டு அணைந்துவிட வேண்டும். கீழே உள்ள படிகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

வீவக அடுக்குமாடி வீட்டு பால்கனியில் ஒன்றை வைத்துப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். புகை வீட்டுக்குள் வந்தால் ஆளைக் கொல்லும்.

1. இணைப்பதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை

பேட்டரியின் மொத்த அளவு, அது ஏற்கும் அதிகபட்ச சார்ஜ் மின்னோட்டம், இன்வெர்ட்டரின் ஏசி சார்ஜர் எத்தனை ஆம்பியர் தரும், இரவில் சராசரியாக எத்தனை வாட் ஓடுகிறது. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி இன்வெர்ட்டர் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். நினைவை நம்பாதீர்கள், ஆள் மாறும், தாள் இருக்கும்.

இன்வெர்ட்டரில் ஏசி இன்புட் இருக்கிறதா என்றும் பாருங்கள். சில மாடல்களில் ஜெனரேட்டருக்கென்றே தனி முனை உண்டு. வெளியே மட்டும் மின்சாரம் தரும் சாதா இன்வெர்ட்டர் என்றால் அதில் ஜெனரேட்டரை இணைக்க வழியே கிடையாது. அங்கே பேட்டரிக்குப் பொருத்தமான தனி சார்ஜர் ஒன்றை வாங்கி, அதை ஜெனரேட்டரில் செருகுவதுதான் முறை.

நிலையான ஒயரிங் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற மின்பணியாளர்தான், அதாவது எல்.இ.டபிள்யூ.தான் செய்ய வேண்டும். இந்த வழிகாட்டி ஓட்டுபவருக்கு. மின்பணியாளரின் வேலையை நீங்களே செய்துகொள்வதற்கு அல்ல. ஆனால் அவர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்று தெரிந்திருந்தால் கேட்க வேண்டியதைக் கேட்டு வாங்கலாம்.

2. ஜெனரேட்டரின் அளவை சார்ஜரை வைத்து முடிவு செய்யுங்கள்

பலர் வீட்டு லோடைக் கூட்டிப் பார்த்து ஜெனரேட்டர் வாங்குகிறார்கள். சார்ஜரை மறந்துவிடுகிறார்கள். இந்த ஏற்பாட்டில் பெரிய லோடே சார்ஜர்தான்.

ஒரு சின்னப் பண்ணையை எடுத்துக்கொள்வோம். 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிகள் மூன்று. மொத்தம் ஏறக்குறைய 15.4 கிலோவாட்-மணி. ஏசி சார்ஜர் 60 ஆம்பியர். 60ஐ, சார்ஜ் ஏறும்போது இருக்கும் 54 வோல்ட்டால் பெருக்கினால் 3,240 வாட். சார்ஜரின் இழப்பையும் சேர்த்தால் ஜெனரேட்டரிலிருந்து 3,600 வாட் இழுக்கும். கூடவே தண்ணீரில் காற்றேற்றும் ஏரேட்டர், ஃபிரிட்ஜ், விளக்கு என்று 600 வாட். ஆக 4,200.

இந்த 4,200 வாட் ஜெனரேட்டரின் தொடர் திறனில் முக்கால் பங்காக இருக்க வேண்டும். அப்படியானால் 5.5 முதல் 6 கிலோவாட் தேவை. பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பெரும்பாலும் சில விநாடி மட்டும் தாங்கும் உச்ச அளவு. தொடர் அளவு பின்பக்கத் தகட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். அதை வைத்தே கணக்குப் போடுங்கள். தகட்டில் கேவிஏ மட்டும் போட்டிருந்தால், பவர் ஃபேக்டர் என்னவென்று கேட்டு, அதனால் பெருக்கி வாட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஏன் முக்கால்? அதற்கு மேல் போனால் பம்ப் ஒன்று கிளம்பும் கணத்தில் இன்ஜின் திணறும். பம்ப் மோட்டார் கிளம்பும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு இழுக்கும். மிகவும் குறைந்தாலும் கெடுதல்தான். டீசல் இன்ஜினை 30 சதவீதத்துக்குக் கீழான லோடில் மணிக்கணக்கில் ஓட்டினால் எரிபொருள் முழுதாக எரியாமல் எக்ஸாஸ்டில் கறுப்பாக எண்ணெய் கசியும், உள்ளே கரி படியும். "இருக்கட்டுமே, பெரிசா வாங்கிடுவோம்" என்று 15 கிலோவாட் இன்ஜினை வாங்கி 600 வாட் லோடுக்கு இரவு முழுக்க ஓட்டும் தவுக்கேமார் (முதலாளிகள்) இப்படித்தான் இன்ஜினைச் சாகடிக்கிறார்கள்.

ஏற்கெனவே சின்ன ஜெனரேட்டர்தான் இருக்கிறதா? புதிது வாங்க வேண்டாம். சார்ஜ் மின்னோட்டத்தை 40 ஆம்பியருக்குக் குறையுங்கள். சார்ஜர் 2,400 வாட்டுக்கு இறங்கிவிடும், மொத்தம் 3,000. 4 கிலோவாட் தொடர் திறன் உள்ளது போதும். நேரம் கூடும், அவ்வளவுதான்.

3. வைக்கும் இடம்

திறந்தவெளியில், படுக்கும் இடத்திலிருந்து தள்ளி, காற்று புகையை வெளியே அடித்துக்கொண்டு போகும் பக்கமாக வையுங்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. துத்தநாகத் தகடு போட்ட கொட்டகையில் இரண்டு பக்கம் திறந்திருப்பதால் ஆபத்தில்லை என்று நினைக்க வேண்டாம். காற்று திரும்பினால் புகை உள்ளேதான் வரும். வடகிழக்குப் பருவத்தில் நல்ல இடமாகத் தெரிந்தது தென்மேற்குப் பருவத்தில் அப்படி இருக்காது.

மழைக்கு மேலே கூரை வேண்டும், பக்கச் சுவர் வேண்டாம். மீன்பண்ணையில் உப்புக்காற்று செம்பு முனைகளைப் பச்சையாக்கிவிடும் என்பதால் சாக்கெட் கடலைப் பார்க்காமல் உள்பக்கம் திரும்பியிருக்கட்டும்.

4. இன்புட்டில் இணையுங்கள், அவுட்புட்டை நெருங்கவே வேண்டாம்

இங்கேதான் இன்வெர்ட்டர்கள் எரிகின்றன. ஜெனரேட்டர் கேபிள் போய்ச் சேர வேண்டிய இடம் இன்வெர்ட்டரின் ஏசி இன்புட். வீட்டு லோடு போகும் அவுட்புட் பக்கத்திலோ, சுவரில் இருக்கும் ஏதாவது ஒரு பிளக் பாயின்டிலோ ஜெனரேட்டரைச் செருகினால் இரண்டு மின்மூலங்கள் நேருக்கு நேர் மோதும். இரண்டின் அலையும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஒரு நொடியில் இன்வெர்ட்டரின் பவர் போர்டு போய்விடும்.

இரண்டு பக்கமும் ஆண் பிளக் வைத்த வயரை யாராவது தயார் செய்து வைத்திருந்தால் வெட்டிப் போடுங்கள். ஒரு முனை செருகியிருக்கும்போது மறுமுனையின் பித்தளைக் கால்களில் 230 வோல்ட் திறந்தபடி நிற்கும்.

இன்வெர்ட்டர் பழுதானால் ஜெனரேட்டரிலிருந்து நேரே லோடுக்குப் போக வழி வேண்டும் என்று விரும்பினால், நடுவில் பூஜ்ஜியம், அதாவது எதுவும் இணையாத நிலை, உள்ள சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடச் சொல்லுங்கள். ஒன்றை விட்ட பிறகுதான் மற்றொன்றைப் பிடிக்கும் வகை. இரண்டு பிரேக்கரைப் பக்கத்தில் வைத்து "ஒன்றை அணைத்துவிட்டு மற்றதைப் போடு" என்று சொல்லிக்கொடுப்பது போதாது. இருட்டில், மழையில், அவசரத்தில் கை தவறும்.

கேபிள் விஷயம். 13 ஆம்பியர் மூன்று முள் பிளக் 3 கிலோவாட் வரைதான். நம் கணக்கில் 4,200 வாட், அதாவது 18 ஆம்பியருக்கு மேல் மணிக்கணக்கில் ஓடும். ஒர்க்சைட்டில் பார்ப்போமே, நீல நிற 32 ஆம்பியர் தொழில் சாக்கெட், அதைப் போடுங்கள். கேபிள் 6 சதுர மில்லிமீட்டர் இருந்தால் 20 மீட்டர் தூரத்துக்குக் கவலை இல்லை. சுருளில் சுற்றிய எக்ஸ்டென்ஷன் கேபிளைப் பிரிக்காமல் பயன்படுத்தினால் உள்சுற்று சூடேறி உருகும்.

ஜெனரேட்டரில் 12 வோல்ட் டிசி முனை ஒன்று இருக்கும். அது கார் பேட்டரிக்கு. நம் 51.2 வோல்ட் பேட்டரியோடு அதற்கு ஒரு சம்பந்தமும் இல்லை.

5. நியூட்ரலும் எர்த்தும்

ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாத படி இது. அதனாலேயே விட்டுப்போகிறது.

கையில் தூக்கும் ஜெனரேட்டர்கள் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு சேர்ந்திருக்காது. அப்படி மிதக்கும் நியூட்ரல் இருந்தால், ஒருவர் மேல் மின்கசிவு பாயும்போது அதைக் கண்டு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய ஆர்.சி.சி.பி. சுவிட்ச் விழாமல் போகலாம். நல்ல இன்வெர்ட்டர்-சார்ஜர்கள் பேட்டரியில் ஓடும்போது உள்ளே ஒரு ரிலே (தானியங்கிச் சுவிட்ச்) மூலம் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து வைக்கும். ஜெனரேட்டர் வந்ததும் அந்த ரிலேயைத் திறந்துவிடும், ஏனென்றால் இனி அந்த வேலை ஜெனரேட்டர் பக்கத்தில் நடக்கும் என்று அது எடுத்துக்கொள்கிறது. அங்கேயும் இணைப்பு இல்லையென்றால்? பேட்டரியில் ஓடும்போது இருந்த பாதுகாப்பு, ஜெனரேட்டர் ஓடும்போது இருக்காது.

ஆகவே எல்.இ.டபிள்யூ.விடம் கேட்க வேண்டிய கேள்வி இது: "ஜெனரேட்டர் ஓடும்போது நியூட்ரல்-எர்த் இணைப்பு எங்கே இருக்கிறது?" எந்த நேரத்திலும் ஓர் இடத்தில் மட்டும் இருக்க வேண்டும். இரண்டு இடத்தில் இருந்தால் காரணமில்லாமல் ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கும். மிதக்கும் பண்ணையில் எர்த் கம்பியை அடிக்க மண்ணே கிடையாது. அங்கே எர்த்தை எப்படி அமைப்பது என்பதை அவர் நேரில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒயரிங் முடிந்ததும் ஜெனரேட்டரை ஓடவிட்டு, ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனோடு நிற்காமல், சோதனைக் கருவி வைத்தும் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள்.

6. இன்வெர்ட்டர் செட்டிங்: மூன்று இடம்

முதலாவது, இன்புட் எல்லை. பெரும்பாலான இன்வெர்ட்டர்களில் ஏசி இன்புட்டுக்கு இரண்டு மோடு இருக்கும். யுபிஎஸ் மோடு என்பது குறுகிய எல்லை, 170 முதல் 280 வோல்ட் என்பது போல. அப்ளையன்ஸ் மோடு அகலமானது, 90 முதல் 280 வரை. ஜெனரேட்டரின் வோல்ட்டேஜும் பிரீக்வென்சியும் லோடு ஏறும்போது தள்ளாடும். யுபிஎஸ் மோடில் இருக்கும் இன்வெர்ட்டர் அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்ததும் ஜெனரேட்டரை உதறிவிட்டு பேட்டரிக்குப் போய்விடும், கொஞ்ச நேரத்தில் திரும்ப வரும், திரும்ப உதறும். ரிலே டக், டக் என்று அடித்துக்கொண்டே இருப்பது வெளியே நின்றாலே கேட்கும். அகலமான மோடுக்கு மாற்றுங்கள். விக்ட்ரான் நிறுவனத்தின் கருவி என்றால் யுபிஎஸ் செயல்பாட்டை அணைத்து, பலவீன ஏசி இன்புட் என்ற தேர்வைப் போட வேண்டும்.

இரண்டாவது, சார்ஜ் முன்னுரிமை. "சோலார் மட்டும்" என்று இருந்தால் ஜெனரேட்டர் எவ்வளவு நேரம் ஓடினாலும் பேட்டரிக்கு ஒரு ஆம்பியர்கூடப் போகாது, லோடு மட்டும் ஓடும். "சோலாரும் யுடிலிட்டியும்" என்று மாற்றுங்கள். யுடிலிட்டி என்பது வெளியிலிருந்து வரும் மின்சாரம், இன்வெர்ட்டருக்கு ஜெனரேட்டரும் யுடிலிட்டிதான்.

மூன்றாவது, அதிகபட்ச ஏசி சார்ஜ் மின்னோட்டம். 2ஆம் படியில் போட்ட கணக்கு இங்கே வந்து உட்காரும். இன்புட் மின்னோட்ட எல்லை வைக்க வசதி இருந்தால் அதையும் வையுங்கள். லோடு திடீரென்று கூடும்போது சார்ஜர் தானாகக் குறைந்து ஜெனரேட்டரைக் காப்பாற்றும். அந்த வசதி இல்லாத மலிவு மாடல்களில் பம்பை ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் போடாமல் இருப்பதே வழி.

பேனலின் மின்சாரத்தைத் தனி ஏசி இன்வெர்ட்டர் வழியாக அவுட்புட் பக்கத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்றால், ஜெனரேட்டர் ஓடும்போது அந்த இன்வெர்ட்டரை அணைத்து வைக்கவும். மிச்ச மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பிப் போக இடம் கொடுக்கக் கூடாது. பேனல் நேரே பேட்டரிக்குப் போகும் எம்.பி.பி.டி. (சோலார் சார்ஜ் கன்ட்ரோலர்) அமைப்பில் இந்தப் பிரச்சினை இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் சார்ஜ் செய்யலாம், பேட்டரி ஏற்கும் அளவைத் தாண்டாமல் இருந்தால் சரி.

7. எப்போது ஓட்டுவது: மாலை 6 மணிக் கணக்கு

வழிகாட்டியில் ஒரு படியைத்தான் மனப்பாடம் செய்வேன் என்பவர்கள் இதைச் செய்யுங்கள்.

காலையில் எழுந்து, பேட்டரி 30 சதவீதத்தில் இருப்பதைப் பார்த்துப் பதறி, உடனே ஜெனரேட்டரைப் போட்டு 100 வரைக்கும் ஏற்றுகிறார்கள். 10 மணிக்கு வெயில் வருகிறது. பேட்டரியில் இடமில்லை. பேனல் சும்மா கிடக்கிறது. டீசலை எரித்து இலவச மின்சாரத்தை விரட்டியதுதான் மிச்சம்.

சிங்கப்பூரில் ஆண்டு முழுக்க மாலை 7 மணியை ஒட்டியே சூரியன் மறைகிறது. 6 மணிக்குப் பேட்டரியில் இருப்பதுதான் அன்றைய வரவு. அந்த நேரத்தில் கணக்குப் போடுங்கள். காலை 8 மணி வரை 14 மணி நேரம், 600 வாட், 8.4 கிலோவாட்-மணி. நம் 15.4 பேட்டரியில் அது ஏறக்குறைய 55 சதவீதம். அடியில் 20 சதவீதம் தொடாமல் வைக்க வேண்டும். ஆக, 6 மணிக்கு 75 சதவீதம் இருந்தால் ஜெனரேட்டர் பக்கமே போக வேண்டாம்.

45தான் இருக்கிறதா? குறைவது 30 சதவீதம், 4.6 கிலோவாட்-மணி. 60 ஆம்பியர் சார்ஜில் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஏறிவிடும். லோடையும் இழப்பையும் சேர்த்து அந்த நேரத்தில் ஜெனரேட்டர் தருவது ஏறக்குறைய 6 கிலோவாட்-மணி. ஒரு கிலோவாட்-மணிக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர் என்று வைத்தால் 2 லிட்டர் டீசல். 75 வந்ததும் நிறுத்துங்கள். மேலே உள்ள இடம் நாளைய வெயிலுக்கு.

அடியில் 20 ஏன்? பேட்டரி அடிமட்டம் தொட்டு, அதற்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்றான பி.எம்.எஸ். துண்டித்துவிட்டால், பல இன்வெர்ட்டர்கள் பேட்டரி வோல்ட்டேஜே தெரியாமல் சார்ஜ் செய்யவும் மறுக்கும். அப்போது ஜெனரேட்டர் இருந்தும் பயனில்லை.

டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை நாள்கணக்கில் விடாமல் பெய்யும்போது மட்டும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம். நாளைக்கும் வெயில் வராது என்று தெரிந்தால் 90 வரை ஏற்றுவதில் நட்டமில்லை. சுமத்ரா காற்று விடியற்காலையில் அடித்துவிட்டுப் போகும் நாள்களுக்கு அது தேவையில்லை. பெரும்பாலும் பிற்பகலில் வெயில் திரும்பிவிடும்.

ஈயஅமில பேட்டரி வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு கொஞ்சம் வேறு. 80 சதவீதத்துக்கு மேல் அது மெதுவாகத்தான் உள்ளே வாங்கும். ஜெனரேட்டர் அரை லோடில் மணிக்கணக்கில் உறுமிக்கொண்டு நிற்கும். அந்தக் கடைசிப் பகுதியை வெயிலுக்கு விடுங்கள். ஆனால் ஈயஅமிலத்தை நாள்கணக்கில் அரைகுறையாகவே விட்டால் சல்ஃபேட் படிந்து கெடும் என்பதால், நல்ல வெயில் நாளில் அது முழுதாக நிறைகிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

8. ஓட்டும் வரிசை

எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள். எரிபொருளைப் பாருங்கள். ஜெனரேட்டர் பிரேக்கர் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டர் என்றால் லோடு குறைந்தால் இன்ஜின் வேகத்தைத் தணிக்கும் ஈகோ சுவிட்சை அணையுங்கள். இல்லாவிட்டால் சார்ஜர் திடீரென்று இழுக்கும்போது இன்ஜின் வேகமெடுக்க நேரமில்லாமல் விழுந்துவிடும்.

ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் லோடில்லாமல் ஓடவிடுங்கள். எண்ணெய் எல்லா இடமும் போய்ச் சேர வேண்டும், வேகம் நிலைக்க வேண்டும். மீட்டரில் 230 வோல்ட் பக்கமாகவும், 50 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலேயும் நின்றால் நல்லது. லோடு ஏறியதும் அது 50க்கு இறங்கும்.

இப்போது பிரேக்கரைப் போடுங்கள். இன்வெர்ட்டர் உடனே எடுக்காது. சில விநாடி பார்த்துவிட்டுத்தான் ரிலேயை மூடும். பிறகு சார்ஜர் மெல்ல ஏறும். காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இன்ஜின் சத்தம் ஒருமுறை தாழ்ந்து, கனத்து, பிறகு அதே தாளத்தில் நின்றுவிட வேண்டும். தாழ்வதும் எழுவதுமாக ஊசலாடினாலோ, கறுப்புப் புகை விடாமல் வந்தாலோ சார்ஜ் மின்னோட்டத்தை 10 ஆம்பியர் குறைத்துப் பாருங்கள்.

நிறுத்தும்போது வரிசை தலைகீழ். முதலில் பிரேக்கர். லோடு பேட்டரிக்குப் போய்விட்டதா என்று பார்த்த பிறகு, மூன்று முதல் ஐந்து நிமிடம் வெறும் ஓட்டம். கடைசியில்தான் சாவி. லோடோடு அணைத்தால் வோல்ட்டேஜ் சரிந்துகொண்டே போகும் அந்த ஒரு விநாடியில் பம்ப் மோட்டாரும் ஃபிரிட்ஜ் கம்ப்ரசரும் அடி வாங்கும். சூடான இன்ஜினுக்கும் ஆற நேரமில்லை.

ஓடும்போதோ, அணைத்த சூட்டோடோ எரிபொருள் ஊற்றாதீர்கள். அவசரம் என்று யாராவது சொன்னால், 15 நிமிடத்துக்குப் பேட்டரி இருக்கிறதல்லவா என்று கேளுங்கள்.

9. தானாக ஓட்டுவது

இரண்டு வயர் ஸ்டார்ட் வசதியுள்ள (இரண்டு வயரை இணைத்தாலே கிளம்பும்) ஜெனரேட்டர் என்றால், இன்வெர்ட்டரின் டிரை கான்டாக்ட் என்ற சுவிட்ச் முனை மூலம் அதைத் தானாகக் கிளப்பலாம். கயிறு இழுக்கும் வகைக்கு இது முடியாது. குறைந்தது ஒரு மாதம் கையால் ஓட்டிப் பழகிய பிறகே இதைத் தொடுங்கள். தொடங்கும் அளவு 25 சதவீதம், நிறுத்தும் அளவு 60 சதவீதம் என்று வைத்து, ஓடக் கூடாத அமைதி நேரத்தையும் குறித்துக்கொடுங்கள். ஆள் அருகில் வேலை செய்யும்போது தானியங்கியை அணைத்து வைப்பது கட்டாயம்.

10. ஓடுகிறது, சார்ஜ் ஏறவில்லை

இந்த வரிசையில் தேடுங்கள்: ஜெனரேட்டர் பிரேக்கர், இன்வெர்ட்டர் திரையில் இன்புட் வோல்ட்டேஜ், சார்ஜ் முன்னுரிமை, பி.எம்.எஸ். எச்சரிக்கை. பெரும்பாலும் மூன்றாவதில் முடிந்துவிடும்.

நான்காவதை நம் ஊரில் லேசாக விடக்கூடாது. குளிர்நாட்டு வழிகாட்டிகள் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யாதே என்று பக்கம் பக்கமாக எழுதுகின்றன. நமக்குத் தலைவலி வேறு பக்கம். தகடு வேய்ந்த பெட்டிக்குள் பிற்பகலில் பேட்டரி 45 டிகிரியைத் தாண்டினால் பல பி.எம்.எஸ். மின்னோட்டத்தைக் குறைக்கும், அல்லது நிறுத்தும். மாலையில் ஓட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பெட்டிக்குள் ஒரு விசிறி வைத்தால் அதன் செலவு மிகக் குறைவுதான்.

11. எரிபொருளும் பராமரிப்பும்

எரிபொருளை எவ்வளவு சேர்த்து வைக்கலாம் என்பதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் வரம்பு உண்டு, பெட்ரோலுக்கும் டீசலுக்கும் வேறு வேறு. வாங்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். டீசல் தொட்டியைக் காலியாக விடாமல் நிறைத்தே வையுங்கள். பாதித் தொட்டியில் இருக்கும் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து தண்ணீராக அடியில் சேரும். வடிகட்டியின் அடித்திருகைத் திறந்து அந்தத் தண்ணீரை அவ்வப்போது விட்டுவிட வேண்டும்.

பெட்ரோல் இயந்திரம் என்றால், சில வாரம் ஓடாது என்று தெரிந்ததும் எரிபொருள் குழாயை மூடி, தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கிப் பிசினானால் மழைக்காலத்தில் கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டைதான் போகும்.

எண்ணெய் மாற்றும் கணக்கு மணியை வைத்து. புதிய சின்ன பெட்ரோல் இயந்திரத்தில் பொதுவாக முதல் 20 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 100 மணிக்கு ஒருமுறை. டீசலுக்கு அதன் கையேட்டில் உள்ளபடி. மணி மீட்டர் இல்லையென்றால் 1ஆம் படியில் ஒட்டிய தாளுக்குக் கீழே இன்னொரு தாள்: தேதி, தொடங்கிய நேரம், நிறுத்திய நேரம், பேட்டரி சதவீதம் முன்னும் பின்னும். ஒரே நேரத்தில் ஏறும் சதவீதம் வாரத்துக்கு வாரம் குறைந்தால் எங்கோ முனை தளர்ந்திருக்கிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது.

வெயில் நன்றாக அடிக்கும் மாதங்களிலும் மாதம் ஒருமுறை அரை மணி நேரம் சார்ஜர் லோடோடு ஓட்டுங்கள். லோடில்லாமல் ஐந்து நிமிடம் உறுமவிட்டு அணைப்பது சோதனையாகாது, அதில் ஸ்டார்ட் பேட்டரி இழந்ததைக்கூட அது திரும்ப ஏற்றிக்கொள்ளாது.